எதை வெட்டப் போகிறீர்கள்? டோக்கியோவில் சமையல் சாமான் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

டோக்கியோவின் கத்திக் கடைகளில் நம்மிடம் முதலில் கேட்பது பட்ஜெட் எவ்வளவு என்று இல்லை. "எதை வெட்டப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். முதல் தடவை போனபோது நான் தெனாவட்டாக "எல்லாவற்றையும்" என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கத்தியை எடுத்துத் தந்தார். எலும்பு கூடாது, ஃப்ரீசரில் உறைந்தது கூடாது, வெட்டும்போது திருகக் கூடாது என்று கையாலேயே நடித்தும் காட்டினார். பலமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் பரங்கிக்காய்க்குள் பாதி இறங்கிய கத்தியைப் பழக்கதோஷத்தில் ஒரு திருகு திருகினேன். விளிம்பில் அரிசி அகலத்துக்கு ஒரு சில்லு தெறித்துப் போனது.

அடுத்த முறை போவதற்குள் அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் முதல் முறையே அதோடு போய்விடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

ஒரு வாரம் உங்கள் அடுப்படியைக் கவனியுங்கள். தினமும் அரிவது என்ன? வெங்காயம், தக்காளி, பீன்ஸ், கீரை என்றால் ஒரு வகைக் கத்தி. வாரம் இரண்டு முறை முழு மீன் வாங்கி வீட்டிலேயே சுத்தம் செய்வீர்கள் என்றால் வேறு வகை. அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா என்பதையும் பாருங்கள். ஜப்பானிய மண்சட்டிகளில் பெரும்பாலானவையும் செம்பு, அலுமினியப் பாத்திரங்களும் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார்? கம்பி நாரால் அழுத்தித் தேய்த்துக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்குள் கார்பன் ஸ்டீல் கத்தியோ வார்ப்பிரும்புக் கெட்டிலோ போனால் ஒரு மாதம் தாங்காது. அந்த ஒரு பொருளை மட்டும் நீங்களே கழுவித் துடைக்கத் தயார் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் போதும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் பட்டியலில் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த ஊருக்கென்று செய்த குக்கரை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். வெளிநாட்டுக்கென்று செய்த மாடல்கள் தனியாக உண்டு. அவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கான மின்சாதனக் கடைகளில் தேட வேண்டும்.

எங்கே, எப்போது

போக வேண்டிய இடம் கப்பாபாஷி. உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே, ஏறத்தாழ 800 மீட்டர் நீளத் தெருவில் 170 கடைகள் போல இருக்கின்றன. கின்சா லைன் மெட்ரோவில் தவாராமாச்சி நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு கட்டடத்தின் உச்சியில் மீசையும் வெள்ளைத் தொப்பியுமாகப் பிரம்மாண்டமான சமையல்காரர் தலை தெரியும். அதுதான் தெருவின் முனை.

1912 வாக்கில் பழைய சாமான் வியாபாரிகள் இங்கே கடை போட்டதில் தொடங்கியது இந்தத் தெரு. இன்றும் முக்கிய வாடிக்கையாளர்கள் ஹோட்டல்காரர்கள்தான். ஆனால் பெரும்பாலான கடைகளில் ஒற்றைக் கிண்ணம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். பெயருக்கு இரண்டு கதைகள் உண்டு. பாலத்தில் காயப்போட்ட மழைக்கோட்டிலிருந்து (அதற்கும் கப்பா என்றுதான் பெயர், பாஷி என்றால் பாலம்) வந்தது என்பது ஒன்று. வெள்ளத்தில் தவித்த இந்தப் பகுதிக்கு வாய்க்கால் வெட்டிய வியாபாரிக்குச் சுமிதா ஆற்றின் கப்பா பூதங்கள் இரவில் வந்து உதவின என்பது மற்றொன்று. தெருக்காரர்களுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது போலும். 2003இல் கப்பாவுக்குத் தங்க நிறத்தில் சிலையே வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பல கடைகளுக்கு விடுமுறை. வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் கூட்டமும் இருக்காது, கடைக்காரருக்குப் பேச நேரமும் இருக்கும். மாலை ஐந்து, ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கத் தொடங்கிவிடும். அக்டோபர் 9ஐ ஒட்டிப் போக முடிந்தால் தெருவில் சாமான் திருவிழா நடக்கும். பத்தும் ஒன்பதும் சேர்ந்தால் ஜப்பானியத்தில் 'தோ-கு', அதாவது கருவி என்று ஒலிக்குமாம். அதற்காக அந்த நாளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஒசாகா பக்கம் போகிறவர்களுக்கு நம்பா அருகே தோகுயாசுஜி என்ற கூரை போட்ட கடைத்தெரு உண்டு. 150 மீட்டர்தான், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கியோத்தோவின் நிஷிகி மார்க்கெட்டில் அரித்சுகு என்ற கத்திக் கடை இருக்கிறது. தன் தொடக்கம் 1560 என்று சொல்லிக்கொள்ளும் கடை அது.

முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்காதீர்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, விலைகளைக் குறித்துக்கொண்டு, எங்காவது காபி குடித்துவிட்டுத் திரும்புங்கள். மெழுகில் தொடங்கி இன்று பிளாஸ்டிக்கில் வந்து நிற்கும் போலி உணவு மாதிரிகள் விற்கும் கடைகள் வழியில் இழுக்கும். அதைப் பார்த்து முடிக்க வேண்டியதும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். ஐஸ்கிரீம் வழிகிற மாதிரி ஒன்று வாங்கியே தீருவீர்கள் என்று தெரியும், சரி.

கத்தி

முதலில் வடிவம். வீட்டுச் சமையலுக்கு நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

சாந்தோக்கு: 16 முதல் 18 சென்டிமீட்டர், காய், மீன் துண்டு, எலும்பில்லாத இறைச்சி மூன்றுக்குமானது. ஒரே ஒரு கத்திதான் என்றால் இது. க்யூதோ: 18 முதல் 24 சென்டிமீட்டர் வரை நீண்டு முனை கூராக இருக்கும், பெரிய பலகையும் பெரிய மேடையும் உள்ளவர்களுக்கு. 'பெட்டி' என்ற சின்னக் கத்தி: 12 முதல் 15 சென்டிமீட்டர், பழம் நறுக்கவும் தோல் சீவவும். நான்காவது நாகிரி. சதுரமான, நேர் விளிம்புள்ள காய்கறிக் கத்தி. என் கட்சி இதுதான். கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ் பொரியலுக்குப் பொடிப்பொடியாக நறுக்கும் கைக்கு, விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பலகையைத் தொடுகிற இந்தக் கத்தி மாதிரி சுகம் எதிலும் இல்லை. அரிவாள்மனையில் பழகியவர்களுக்கு நின்றுகொண்டு நறுக்கும் கோபமே இதில்தான் தீர்கிறது.

மீன் வெட்டும் தடித்த தேபாவும் சஷிமிக்கான (பச்சை மீன் துண்டு) நீண்ட யானகிபாவும் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும். அவை ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்திகள். வெட்டும்போது ஒரு பக்கமாக இழுக்கும், தீட்டுவதும் தனி வித்தை. முழு வஞ்சிரத்தை வீட்டில் வெட்டுகிறவர் தேபா வாங்கலாம். ஆட்டு எலும்புக்கு அதுவும் ஆகாது. இடது கைக்காரர்கள் 'ஹிதாரிகிகி' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கக் கத்திகள் இடது கைக்குத் தனியாகச் செய்யப்படுகின்றன, விலையும் கூடுதல்.

அடுத்தது எஃகு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 'ஹாகானே' என்றால் துருப்பிடிக்கும் கார்பன் ஸ்டீல். அதில் ஷிரோகாமி (வெள்ளைத்தாள்), ஆவோகாமி (நீலத்தாள்) என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஷிமானே மாநிலத்தின் யாசுகியில் உருவாகும் இந்த எஃகுகளைச் சுற்றி வந்த தாளின் நிறம்தான் பெயரானது, உலோகத்தின் நிறம் இல்லை. வெள்ளை சீக்கிரம் கூராகும். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் கலந்திருப்பதால் கூர் கொஞ்சம் அதிக நாள் நிற்கும். துரு இரண்டிலும் உண்டு. நீலம் துருப்பிடிக்காது என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய.

ஸ்டெயின்லெஸ் பக்கம் விஜி-10 என்ற பெயரைத் தேடுங்கள். ஃபுகுய் மாநிலத்தின் எச்சிசென் பகுதியில் தயாராகும் எஃகு அது, வீட்டுக்கு நிறைவாகப் போதும். 'கின்சான்' என்றால் கார்பன் ஸ்டீல் போலவே தீட்ட வருகிற ஸ்டெயின்லெஸ். புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளி என்று நாள் முழுக்கப் புளிப்பில் புழங்கும் நம் சமையலுக்கு நான் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். எனக்குக் கார்பன் ஸ்டீல் நாகிரி ஒன்று உண்டு. மாங்காய் நறுக்கிவிட்டு ஒரு ஃபோன் பேசி வருவதற்குள் மஞ்சளாகத் துரு பூத்திருந்தது. அதன் கூர் மேல் எனக்குக் காதல்தான். ஆனால் உங்களை இழுத்துவிட மாட்டேன்.

அலை அலையாகக் கோலம் போட்ட டமாஸ்கஸ் கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கோலம் வெளி அடுக்குகளில் இருக்கிறது. வெட்டுவது நடுவில் செருகியிருக்கும் கடின எஃகு. அதே நடு எஃகு கோலம் இல்லாத கத்தியிலும் இருந்தால் வெட்டு கிட்டத்தட்ட ஒன்றுதான். அழகுக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம்.

ஜப்பானியக் கத்திகள் ராக்வெல் கணக்கில் 60ஐ ஒட்டிய கடினம் உள்ளவை. ஜெர்மன் கத்திகள் 56, 58இல் நிற்கும். கடினம் கூடும்போது விளிம்பை மெல்லியதாகத் தீட்டலாம், கூரும் நிற்கும். ஆனால் வளையாது, உடையும். என் பரங்கிக்காய் விவகாரத்தின் காரணம் இதுதான்.

கடையில் எப்படி நடந்துகொள்வது? கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், 'சாவாத்தே மோ ஈ தெசு கா' (தொட்டுப் பார்க்கலாமா) என்றால் போதும். பிடியை மட்டும் பிடியுங்கள். தகட்டில் விரல் பட்டால் ரேகை வழியே துரு ஏறும், அவர் உடனே துணியை எடுப்பார். திருப்பித் தரும்போது கைக்குக் கை நீட்டாமல் மேடையில் வையுங்கள். பலகையில் நறுக்குவது போல மணிக்கட்டை ஆட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று கத்திகளை மாற்றி மாற்றி. எடை எங்கே விழுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். மேற்கத்திய பிடி கனமாக, ஆணி அடித்திருக்கும். ஜப்பானியப் பிடி பெரும்பாலும் ஹோ என்ற மரம், லேசானது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கத்தியில் பொறித்த பெயர் அதைச் செய்தவருடையது என்று நம்பிவிட வேண்டாம். முக்கியமாகச் சாகாய் ஊர்க் கத்திகளில். அங்கே அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி பூட்டுபவர் ஒருவர். மூன்று பட்டறை தாண்டி வரும் கத்திக்கு மொத்த வியாபாரியின் பெயர் விழுவது அங்கே சகஜம், ஏமாற்று வேலை ஒன்றுமில்லை.

விலை? 10,000 முதல் 20,000 யென்னுக்குள் பல ஆண்டுகள் உழைக்கும் வீட்டுக் கத்தி கிடைக்கும். அதற்கு மேல் போகப் போக நீங்கள் கொடுப்பது கைவேலைக்கும் பெயருக்கும். பேரம் கிடையாது, கேட்டால் சங்கடப்படுவார்கள். அதற்குப் பதில் பெயர் பொறித்துத் தரச் சொல்லுங்கள். பல கடைகளில் இலவசம், சின்ன உளியால் கண்ணெதிரே தட்டித் தருவார்கள். தமிழ்ப் பெயருக்குக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அவர்கள் எழுத்தில் 'ல'வும் 'ர'வும் ஒன்று, 'ழ' இல்லவே இல்லை. தமிழ்ச்செல்வி 'தமிருசெருவி' ஆகித்தான் ஊர் திரும்புவார்.

கல் இல்லாமல் கத்தி வாங்காதீர்கள்

கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை 'தோஇஷி'க்கு, அதாவது தீட்டும் கல்லுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். சில்லு விழுந்த விளிம்புக்கு 220, 400 எண் போட்ட முரட்டுக் கல். மாதாந்திரக் கூருக்கு 1000. பளபளப்புக்கு 3000க்கு மேல். வீட்டுக்கு 1000 ஒன்று போதும், ஆசை இருந்தால் மறுபக்கம் 6000 ஒட்டிய இரட்டைக் கல்.

சில கற்களைக் குமிழி நிற்கும் வரை தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். சிலவற்றுக்கு மேலே தெளித்தால் போதும், ஊறினால் கெடும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கத்தியின் முதுகுக்குக் கீழே இரண்டு 10 யென் நாணயம் செருகும் அளவு உயர்த்திப் பிடிப்பது அவர்கள் சொல்லித்தரும் கணக்கு. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் விரலுக்குச் சொரசொரவென்று ஒரு பிசிறு தட்டுப்படும். அது நுனி முதல் அடி வரை வந்துவிட்டால் பக்கம் மாற்றலாம்.

தெருவில் சைக்கிள் சக்கரம் சுற்றி சாணை பிடிப்பவரிடம் மட்டும் இந்தக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும் சூட்டில் விளிம்பின் பதம் இறங்கிவிடும். அவர் நம் அரிவாளுக்கு ராஜா, அது வேறு.

மண், இரும்பு, செம்பு

தோநாபே என்ற மண்சட்டியைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஒட்டிக்கொள்ளும். மியே மாநிலத்தின் இகா, யோக்காய்ச்சி என்ற இரண்டு ஊர்ப் பெயர்களை விசாரியுங்கள். அளவை எண்ணால் சொல்வார்கள், ஓர் எண்ணுக்கு 3 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 8ஆம் எண் மூன்று நான்கு பேருக்கு. வெளி அடிப்பாகம் ஈரமாக இருக்கும்போது தீயில் வைத்தால் விரிசல் விடும். வெறும் சட்டியாகக் காயவிடவும் கூடாது, அதற்கென்று செய்தவை தவிர.

'நம்பு' இரும்பு என்பது இவாத்தே மாநிலத்தின் மொரியோக்கா, ஓஷு ஊர்களின் வார்ப்பிரும்பு. இங்கே ஒரு பொறி உண்டு. தெத்சுபின் என்பது அடுப்பில் வைத்து வெந்நீர் போடும் கெட்டில், உள்ளே வெறும் இரும்பு. க்யூசு என்பது தேயிலை போட்டு ஊற்றும் குடுவை, உள்ளே எனாமல் பூச்சு, அடுப்பில் வைக்கவே கூடாது. வெளியே இரண்டும் அதே புள்ளிக் கோலம், அதே கறுப்பு. மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், கண்ணாடி போலப் பளபளத்தால் அது க்யூசு. விலையிலும் தெரியும், தெத்சுபின் பல மடங்கு.

சதுரமான முட்டைக் கடாய் செம்பில் கிடைக்கும், உள்ளே ஈயம் பூசியது. நம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் அதே வெள்ளீயம்தான். 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் கடாயைக் காயவிட்டால் போச்சு. சுத்தியல் தழும்பு போட்ட அலுமினிய யுகிஹிரா சட்டி லேசானது, இரண்டு பக்கமும் மூக்கு, பால் காய்ச்ச அருமை. ரசம் வேண்டாம், புளி அலுமினியத்தை அரிக்கும். இரும்பு வாணலி வேண்டுமென்றால் சுத்தியலால் அடித்தே வடித்தவற்றைக் கேளுங்கள். யோகோஹாமாவின் யமாதா பட்டறை அதற்குப் பேர்போனது. தோசைக்கல் பழக்கத் தெரிந்த கைக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

கிண்ணங்கள்

இதில் நேரத்தைப் போக்கினால் போதை மாதிரி. நான்கு கொண்ட செட் அபூர்வம், ஐந்தாக வரும். நான்கின் ஒலி 'ஷி', சாவுக்கும் அதே ஒலி. மரப்பாத்திரத்தில் உருஷி என்ற மரப்பாலைப் பூசியதா, யூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சுப் பூசியதா என்பது ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும், படித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு விலையும் மலைக்கும் மடுவுக்கும்.

பணமும் வரியும்

விலைச்சீட்டில் இரண்டு எண் இருந்தால் சின்னது 'ஜெய்னுகி' (வரி சேராதது), பெரியது 'ஜெய்கோமி' (வரி சேர்ந்தது). நுகர்வு வரி 10 சதவீதம். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு, 'மென்ஸெய்' (வரிவிலக்கு) வசதி உள்ள கடையில் ஒரே நாளில் வரி சேராமல் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால் அந்த வரி கிடையாது. பாஸ்போர்ட்டின் நகல் செல்லாது, அசலே வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. கடையில் வரியோடு கட்டிவிட்டு, கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கச் சரிபார்ப்பு முடிந்தபின் திரும்பப் பெற வேண்டும். அதனால் வாங்கிய சாமானைச் சரிபார்ப்புக்கு முன் செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். சின்னக் கடைகளில் கார்டு ஓடாமல் போகலாம், கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

கொண்டுவருவது

ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் கையில் வைத்திருப்பது குற்றம். கடையில் கட்டிய பெட்டியைப் பிரிக்காமல் நேரே அறைக்குப் போங்கள். பையில் கத்தியோடு அசாகுசா கோயிலைச் சுற்றப் போக வேண்டாம். விமானத்தில் செக்-இன் பெட்டிதான், கைப்பையில் கூடவே கூடாது. கல்லும் இரும்பும் எடை தின்னும். முதலில் அவற்றை எடைபோட்டு மிச்சத்தில் துணியை அடுக்குங்கள். மண்சட்டிக்குள் சாக்ஸைத் திணித்து, மூடியைத் தனியாகச் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

முதல் நாள் வீட்டில்

கத்தியைக் கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் எதன் மேலும் இறக்காதீர்கள், மரப்பலகை மட்டும். தேங்காய்க்கு அரிவாள், ஆட்டுக்கறிக்குக் கறிக்கடைக்காரர், பலாக்கொட்டைக்குப் பழைய கத்தி என்று பிரித்துவிடுங்கள். கழுவியதும் துடைத்து வையுங்கள். தெத்சுபினின் உள்ளே தேய்க்காதீர்கள். வெந்நீரைக் கொட்டிவிட்டு மூடியைத் திறந்து வைத்தால் சூட்டிலேயே உலரும். உள்ளே வெள்ளையாகப் படிவது அழுக்கில்லை, இரும்பைக் காக்கும் படிவு.

தோநாபேயில் முதல் சமையல் அரிசிக் கஞ்சி. மண்ணில் இருக்கும் நுண்ணிய ஓட்டைகளைக் கஞ்சிப் பசை அடைத்துவிடும். அதற்கு அவர்கள் 'மெதோமே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் பத்து நிமிடம் சைகையில் விளக்கிய இதைக் கேட்டு என்னுடன் வந்த அம்மா சொன்னார்: "சட்டியைப் பழக்கச் சொல்கிறார். அதற்கு ஏன்டா இவ்வளவு கஷ்டப்படுகிறார், பாவம்."